101.0க்கும் 101.9க்கும் இடையே: உங்களுக்குத் தெரியுமா?

கேரளத்தின் தமிழக எல்லையோரம் இருக்கும் எங்கள் திருப்புறத்தில் ஒரு வீட்டுக்குப் புது வண்டி வந்தால் முதல் நாள் அது கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகும். இரண்டாம் நாள் பேச்சு பாட்டுப் பெட்டியில் வந்து நிற்கும். இந்த ஓணத்துக்கு அக்கா வீட்டில் கார் வாங்கினார்கள். விலை குறைந்த மாடல் என்பதால் டேஷ்போர்டில் ரேடியோ இருக்க வேண்டிய இடத்தை ஒரு பிளாஸ்டிக் மூடி அடைத்திருந்தது. அமெரிக்காவில் வேலை செய்யும் அக்கா மகன் லீவில் வந்திருந்தான். "மாமா, அங்கே கார்ல சாட்டிலைட் ரேடியோ உண்டு. ஆயிரம் மைல் ஓட்டினாலும் ஸ்டேஷன் மாறாது. இங்கேயும் ஒண்ணு வாங்கி நம்மளே மாட்டிரலாமா?" என்று கேட்டான்.

மாட்ட முடியாது. இன்று இந்தியாவில் அந்தச் சேவையே இல்லை. ஆனால் இருந்தது. நம் தென்னந்தோப்புக்கு மேலேயே நின்று தமிழில் பாடியது. அவன் கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் கைக்கு வந்தவை இவை.

● ஆசியாவுக்கென்றே ஒரு வானொலிச் செயற்கைக்கோள் இருந்தது தெரியுமா? பெயர் ஆசியாஸ்டார். 2000 மார்ச் 21 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ தளத்திலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் ஏறியது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு 105 பாகையில் நின்றது. வேர்ல்டுஸ்பேஸ் என்ற நிறுவனத்துடையது. தொலைக்காட்சி இல்லை, தொலைபேசி இல்லை. ரேடியோவுக்காக மட்டுமே ஏவப்பட்டது.

● அது எங்கே நின்றது என்று திருப்புறத்திலிருந்து விரல் நீட்டிக் காட்டலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால், கிழக்கிலிருந்து சற்றே தெற்குப் பக்கம் சாய்ந்து, அடிவானத்திலிருந்து 56 பாகை உயரம் வருகிறது. இன்னும் எளிதாகச் சொல்ல வழி இருக்கிறது. மீன மாதம் பிறந்து இரண்டு மூன்று நாளில், அதாவது நம் பங்குனித் தொடக்கத்தில், காலை பத்தேகால் மணிக்கு முற்றத்தில் நின்று சூரியனைப் பாருங்கள். ஏறத்தாழ அந்த இடம்தான்.

அந்த உயரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தேகால் மணி வெயில் உங்கள் முற்றத்தில் விழவில்லை என்றால், அந்த ரேடியோவும் உங்கள் வீட்டில் பாடியிருக்காது. தென்னை மறைத்தாலும் போச்சு, பக்கத்து வீட்டு மாடி மறைத்தாலும் போச்சு.

● வேர்ல்டுஸ்பேஸைத் தொடங்கியவர் எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா. ஆண்டு 1990. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பரவிக்கொண்டிருந்த காலம். நோய் பற்றிய செய்தி கிராமங்களுக்குப் போய்ச் சேர வழியே இல்லையே என்ற தவிப்பில் அவருக்குத் தோன்றிய யோசனை இது. கோபுரம் கட்ட முடியாத ஊருக்கு வானத்திலிருந்தே பேசுவோம் என்று நினைத்தார். ஆசியாஸ்டாருக்கு முன்பே, 1998 அக்டோபர் 28 அன்று, ஆப்பிரிக்காவுக்காக ஆஃப்ரிஸ்டார் போய்விட்டது.

● அந்தச் சேவையில் தமிழுக்கு ஓர் அலைவரிசை இருந்தது. கே.எல். ரேடியோ. மலையாளத்துக்கு ஆர்.எம். ரேடியோ, கன்னடத்துக்கு ஸ்பர்ஷா, தெலுங்குக்கு ஸ்பந்தனா. பழைய இந்திப் பாட்டுக்கு ஃபரிஷ்தா. கர்நாடக இசைக்கென்றே இருபத்துநாலு மணி நேரமும் ஸ்ருதி. 2006இல் ஏ.ஆர். ரகுமான் இதன் விளம்பர முகமானார், அடையாள இசையும் அமைத்துக் கொடுத்தார்.

எல்லை ஊர்க்காரனுக்கு இதன் அருமை தனி. பள்ளிக்கூடம் மலையாளம், பஞ்சாயத்து ஆபீஸ் மலையாளம், வீட்டில் தமிழ் என்று வளர்ந்தவன் நான். தமிழ்ப் பாட்டு கேட்க வேண்டுமானால் கிழக்கே இருந்து காற்று அடிக்க வேண்டும் என்று பாட்டி சொல்லுவாள். மழைக்காலத்தில் இரைச்சலுக்கு நடுவே இலங்கை வானொலியைத் தேடிப் பிடித்த கைக்கு, ஒரு பொத்தானை அமுக்கினால் கீறலே இல்லாமல் தமிழ் வந்தது என்றால் சும்மாவா? ஒரே பெட்டியில் ஆர்.எம்.மும் கே.எல்.லும் அடுத்தடுத்து இருந்தன. வீட்டில் சண்டை வந்தது, அது வேறு.

● அதற்கு வேண்டியிருந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரத் தட்டை ஏரியல், அவ்வளவுதான். டிஷ் வேண்டாம். காரணம் அலைவரிசை. 1467 முதல் 1492 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எல்-பேண்டில் அலைநீளம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். மேகமும் மழையும் அதை அதிகம் தடுப்பதில்லை. பெருமழையில் டிஷ் டிவி நின்றுபோகும், இது நிற்காது. இதற்கு எதிரி மழையல்ல. சுவரும் மரமும்தான்.

● அப்படியானால் அதைக் காரில் மாட்டியிருக்கலாமே? மாட்டிப் பார்த்தோம். தட்டை ஏரியலை பானட் மேல் வைத்து, கோயில் மைதானத்தில் வண்டியை நிறுத்தியபோது அருமையாகப் பாடியது. சாவியைத் திருப்பி ரோட்டுக்கு வந்தோம். முதல் பலா மரத்தடியில் நின்றுபோனது. வெளிச்சத்துக்கு வந்ததும் ஒரு வரி பாடியது. அடுத்து ரப்பர் தோட்டம். அங்கே ஒன்றுமே இல்லை. ஈர இலை இந்த அலையை நன்றாகக் குடித்துவிடும். நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வரைக்கும் எத்தனை மரம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

● அமெரிக்காவில் மட்டும் எப்படி ஓடியது? அங்கே மரம் இல்லையா, பாலம் இல்லையா? மூன்று வேலை செய்தார்கள். ஒன்று, நகரங்களில் உயரமான கட்டடங்களின் மேல் தரைவழி மறுஒலிபரப்பிகளை வைத்தார்கள். இரண்டு, ஒரே நிகழ்ச்சியை ஒன்றுக்கு மேற்பட்ட செயற்கைக்கோள்களிலிருந்து அனுப்பினார்கள். மூன்றாவதுதான் அழகு. ஒரே பாட்டை நாலு விநாடி இடைவெளியில் இரண்டு முறை அனுப்புகிறார்கள். வண்டி பாலத்தடியில் புகுந்து ஒரு பிரதி தொலைந்தால், இன்னொரு பிரதியிலிருந்து அந்த ஓட்டையைப் பெட்டி அடைத்துவிடும். கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது.

● அமெரிக்காவின் எக்ஸ்.எம். ரேடியோ 2001 செப்டம்பரில் தொடங்கியது. அதன் முதல் இரண்டு செயற்கைக்கோள்களின் பெயர் ராக், ரோல். போட்டி நிறுவனமான சிரியஸ் 2002இல் வந்தது. சிரியஸின் மூன்று கோள்களும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. நீள்வட்டப் பாதையில் சுற்றி, வட அமெரிக்காவின் தலைக்கு மேலே ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தன. உச்சியிலிருந்து வரும் அலையை மரமும் கட்டடமும் குறைவாகவே மறைக்கும். ஆசியாஸ்டார் 56 பாகையில் நின்றது. உச்சி 90 பாகை. அந்த வித்தியாசத்தில்தான் நம் பலா மரம் நின்றது. இரண்டு நிறுவனங்களும் 2008 ஜூலையில் ஒன்றாகிவிட்டன.

எக்ஸ்.எம்.மின் தொடக்ககால முதலீட்டாளர்களில் வேர்ல்டுஸ்பேஸும் ஒன்று. அக்கா மகன் அமெரிக்க நெடுஞ்சாலையில் கேட்பதும், நாங்கள் திருப்புறத்துத் திண்ணையில் கேட்டதும் ஒரே தறவாட்டுப் பிள்ளைகள்.

● அங்கே புதுக் காரில் இதை வீட்டிலேயே மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். வழி எளிது. காந்தம் ஒட்டிய சிறிய ஏரியலைக் கூரையில் வைப்பார்கள். மெல்லிய வயரைக் கதவு ரப்பருக்குள் செருகி உள்ளே கொண்டுவருவார்கள். கையடக்கப் பெட்டியை டேஷ்போர்டில் ஒட்டுவார்கள். காரின் பழைய ரேடியோவோடு அதை இணைக்க ஒரு தந்திரம் உண்டு. பெட்டியே ஒரு குட்டி எஃப்.எம். நிலையமாக மாறி, காலியான ஓர் எண்ணில் பாட்டை ஒலிபரப்பும். கார் ரேடியோவை அந்த எண்ணுக்குத் திருப்பினால் போதும்.

அந்தக் குட்டி நிலையங்கள் சில, அனுமதித்த அளவுக்கு மேல் கத்தின. பக்கத்து வண்டிக்காரர் தன் நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது உங்கள் பாட்டு அவர் வண்டியில் புகுந்தால் எப்படி இருக்கும்? 2006இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் தலையிட்டது. சில மாடல்களைத் திருத்த வேண்டி வந்தது.

● இந்தியாவில் அந்தத் தரைவழி மறுஒலிபரப்பிகள் வரவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2005இல் செயற்கைக்கோள் வானொலிக்கான பரிந்துரைகளைக் கொடுத்த பிறகும் அவை வரவில்லை. மறுஒலிபரப்பி இல்லாமல் கார் இல்லை. கார் இல்லாமல் கூட்டம் இல்லை. வீட்டுச் சந்தாவை மட்டும் நம்பி ஒரு செயற்கைக்கோளை நடத்துவது பெரும்பாடு. 2008 அக்டோபரில் நிறுவனம் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கோரியது.

● 2009 டிசம்பர் 31. இந்தியச் சேவை நின்ற நாள். மார்கழி பாதி ஓடியிருந்தது, சென்னை சபாக்களில் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. ஸ்ருதியும் கே.எல்.லும் ஆர்.எம்.மும் ஒரே நாளில் வாய் மூடின. வீடு வீடாக அந்தப் பெட்டிகள் வெறும் பெட்டிகளாயின. எங்கள் வீட்டுத் தட்டை ஏரியல் இன்னும் சன்ஷேடு மேல் இருக்கிறது, கிழக்கே பார்த்தபடி. எடுக்க மனம் வரவில்லை.

● செயற்கைக்கோளிலிருந்து வரும் 'மணி பத்து' உண்மையில் பத்து மணிக்கு வராது. ஒலி மேலே ஏறி இறங்கவே கால் விநாடி ஆகும். அதைச் சுருக்கி விரிக்கும் வேலைக்கு இன்னும் கொஞ்சம்.

● காருக்குள் ரேடியோ என்பதே ஒரு காலத்தில் சாகசம். 1930இல் சிகாகோவின் கால்வின் சகோதரர்கள் விற்பனைக்கு வந்த முதல் கார் ரேடியோக்களில் ஒன்றைச் செய்தார்கள். பால் கால்வின் அதைத் தன் காரில் மாட்டிக்கொண்டு அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்கே ஓட்டிப் போனார். மோட்டார் என்ற சொல்லோடு அந்நாளைய இசைப்பெட்டிப் பெயர்களின் வால் ஒன்றை ஒட்டி அவர்கள் வைத்த பெயர்தான் மோட்டோரோலா. கம்பெனிக்கே பிறகு அந்தப் பெயர் வந்தது. ஐரோப்பாவில் 1932இல் புளாபங்க்ட் செய்தது.

● நம் நாட்டில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்று இருந்தது, தெரியுமா? 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். வீட்டில் இருந்தாலும் சரி, வண்டியில் இருந்தாலும் சரி, தபால் ஆபீசில் பணம் கட்டிப் புத்தகத்தில் பதிய வேண்டும். 1980களில்தான் அந்தக் கட்டணம் ஒழிந்தது. பழைய வீடுகளில் பரணைத் தட்டினால் அந்தச் சிறு புத்தகம் இன்னும் விழும். எறியாதீர்கள்.

● சரி, செயற்கைக்கோள் இல்லை. மாட்டப்போவது சாதாரண செட். அதையும் தானே மாட்டுகிறவர்கள் வயர் நிறத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கடையில் வாங்கும் செட்டின் பின்னால் வரும் வயர்களுக்கு ஏறக்குறைய உலகம் முழுவதும் ஒரே மொழி. மஞ்சள், பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட். சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் வருவது. கறுப்பு எர்த். நீலம் ஏரியலுக்கு. ஸ்பீக்கருக்கு வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. ஒவ்வொன்றும் ஜோடி. கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ்.

இது செட்டின் பக்கத்து வழக்கம் மட்டும்தான். காரின் பக்கம் வரும் வயர்களுக்கு ஒவ்வொரு கம்பெனியும் தன் நிறத்தை வைத்திருக்கும். நிறம் பார்த்து நிறத்தோடு முறுக்கினால் கெட்டது குடி. மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். சாவி இல்லாமல் 12 காட்டுவது மஞ்சளுக்கு, சாவி போட்டால் மட்டும் காட்டுவது சிவப்புக்கு. இரண்டும் இடம் மாறினால் ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் சேமித்த நிலையங்கள் எல்லாம் அழிந்துபோகும். செட் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

● காரின் வயரை வெட்டவே வெட்டாதீர்கள். உங்கள் மாடலுக்கான கப்ளர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஒரு பக்கம் காரின் சாக்கெட்டில் குத்தும், மறுபக்கம் செட்டில் சேரும். எனக்குத் தெரிந்த ஒருவரின் புது வண்டியை ஒரு கடையில் வெட்டி ஒட்டிக் கொடுத்தார்கள். நாலு மாதத்தில் பியூஸ் போகத் தொடங்கியது. வாரண்டி கேட்கப் போனபோது வெட்டிய வயரைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். புது வண்டியை அப்படிப் பார்க்க வயிறு எரிந்தது.

● ஸ்பீக்கரின் நெகட்டிவை வண்டியின் பாடியில் எர்த் செய்வது பழைய அம்பாசடர் காலத்துப் பழக்கம். இன்றைய செட்டுகளில் இரண்டு வயரிலும் மின்னோட்டம் உண்டு. எர்த் செய்தால் ஆம்பிளிஃபயர் எரியும்.

● மஞ்சள் உறை போட்ட வயர்க்கற்றையோ மஞ்சள் கப்ளரோ கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள். மேலே சொன்ன மஞ்சள் வயர் வேறு, இது வேறு. இது ஏர்பேக். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். ஏர்பேக் பெட்டிக்குள் சேமித்த மின்சாரம் வடிய அந்த நேரம் வேண்டும். செட் பாடாவிட்டால் பரவாயில்லை, முகத்துக்கு எதிரே ஏர்பேக் வெடித்தால் யார் பதில் சொல்வது?

● டேஷ்போர்டில் செட் உட்காரும் ஓட்டைக்கும் உலக அளவு உண்டு. ஜெர்மனியில் பிறந்த டின் அளவு: 180 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம். இரட்டை டின் என்றால் உயரம் 100. ஆனால் இன்றைய மேல் மாடல்களில் திரையும் ஏசியும் ரிவர்ஸ் கேமராவும் ஸ்டீயரிங் பொத்தானும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அங்கே நாமே கழற்றி மாட்டும் சுகம் முடிந்துவிட்டது. பிளாஸ்டிக் மூடி போட்ட விலை குறைந்த வண்டிதான் இன்னும் நம் கைக்கு இடம் வைத்திருக்கிறது.

● எஃப்.எம். ஏரியலுக்குச் சரியான நீளம் முக்கால் மீட்டர். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர், அதில் கால் பங்கு. புது வண்டிகளில் கூரையில் குட்டையாக நிற்கும் ஏரியலின் அடியில் ஒரு பூஸ்டர் ஒளிந்திருக்கும். அதற்கு மின்சாரம் கொடுப்பது அந்த நீல வயர். மாட்டும்போது அதை மறந்துவிட்டால் திருவனந்தபுரம் கேட்கும், நாகர்கோவில் கேட்காது. நம் ஊரில் அது சின்ன இழப்பு இல்லை.

● பாட்டுக்கு நடுவே வண்டு ரீங்காரம் போடுகிறதா? செட்டைத் திட்டாதீர்கள். சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகிய மலிவு யு.எஸ்.பி. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்.

● உங்கள் புதுக் காரில் டிஜிட்டல் ரேடியோ ஏற்கெனவே இருக்கலாம். டி.ஆர்.எம். என்பார்கள். மத்திய அலையிலேயே எஃப்.எம். தரத்துக்கு ஒலியையும் கூடவே எழுத்தையும் அனுப்பும் முறை. ஆகாசவாணி நாடெங்கும் மூன்று டஜனுக்கு அருகில் இத்தகைய ஒலிபரப்பிகளை வைத்தது. சென்னை, திருச்சி, தூத்துக்குடி அதில் உண்டு. மாருதி, ஹூண்டாய் போன்ற கம்பெனிகளின் சில மாடல்களில் கூடுதல் கட்டணம் இல்லாமலே இது வந்திருக்கிறது. வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்தப் பொத்தானை அமுக்கிப் பார்த்திருப்பார்கள்? இன்று சாயங்காலம் பாருங்களேன்.

● கூரைமேல் டிடி ஃப்ரீ டிஷ் இருந்தால் உங்களிடம் இப்போதும் செயற்கைக்கோள் வானொலி இருக்கிறது. அதில் ஆகாசவாணியின் பல மொழி அலைவரிசைகள் சந்தா இல்லாமல் வருகின்றன. டிவியில் ரேடியோ பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் காருக்கு ஆகாது. டிஷ் மூன்று பாகை திரும்பினாலே படம் போய்விடும். பாறசாலை வளைவுகளில் அதை யார் பிடித்துக்கொண்டு உட்கார்வது!

● நெய்யாறு கடலில் சேரும் பூவாறு, திருப்புறத்துக்கு மிக அருகில். செயற்கைக்கோள் பெட்டியைத் தன் வண்டியில் தானே பொருத்திக்கொண்டவரைப் பார்க்க வேண்டுமானால் காரை விட்டுவிட்டு அந்தக் கரைக்குப் போக வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது நம் கடலோரத்திலும் குமரி மாவட்டத்திலும் ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே செல்போன் செத்துவிடும். போனவர்கள் பலர் திரும்பவில்லை. அந்த வீடுகளின் வாசலில் நின்ற நாட்கள் எனக்கு மறக்காது.

அதன் பிறகு செயற்கைக்கோள் செய்தியைப் பெறும் கருவிகள் படகுகளுக்கு வரத் தொடங்கின. 2019 அக்டோபரில் வெளியான ஜெமினி அதில் ஒன்று. ககன் செயற்கைக்கோள்கள் வழியே வரும் புயல் எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் இடத்தையும் வாங்கி, புளூடூத் வழியே மீனவரின் செல்போனுக்குக் கொடுக்கும். ரேடியோ போலவே இதுவும் கேட்க மட்டும்தான், பதில் சொல்ல முடியாது. இரு பக்கமும் பேசும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. கடலுக்கு மேலே மரம் இல்லை. அங்கே வானம் முழுக்கத் திறந்திருக்கிறது.

● கொடைக்கானல் எஃப்.எம். 100.5 ஏன் அத்தனை மாவட்டங்களில் கேட்கிறது? சக்தியை விட உயரம்தான் காரணம். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். 2,000 மீட்டருக்கு மேலே ஏறி நின்று பேசினால் சமவெளி முழுக்கக் கண் முன்னால். நமக்கும் அதற்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது.

● ஒரே எண்ணில் இரண்டு எஃப்.எம். நிலையங்கள் மோதினால் இரண்டும் கலந்து கேட்கும் என்று நினைப்போம். இல்லை. வலுவானது மற்றதை முழுதாக விழுங்கிவிடும். 93.5 என்ற எண் திருவனந்தபுரத்தில் மலையாளம், திருநெல்வேலியில் தமிழ். மத்திய அலையில் அப்படி இல்லை. அங்கே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

● இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் எங்கே தொடங்கியது தெரியுமா? தில்லியில் இல்லை, பம்பாயில் இல்லை. நாகர்கோவிலில். 1984 அக்டோபர் 30. ஒரு மாவட்டத்தின் பேச்சையும் விளைச்சலையும் பாட்டையும் அந்த மாவட்டத்துக்கே ஒலிபரப்ப வேண்டும் என்ற எண்ணத்தின் முதல் சோதனை நம் பக்கத்து வீட்டில் நடந்தது.

திருவனந்தபுரம் நிலையம் அதைவிட மூத்தது. 1943இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நிலையமாகப் பிறந்தது, 1950 ஏப்ரல் 1 முதல் அகில இந்திய வானொலி.

● 1956 நவம்பர் 1. அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றது. கோடு களியக்காவிளையில் விழுந்தது. திருப்புறம் இந்தப் பக்கம்.

காற்றுக்கு அந்தக் கோடு தெரியாது. திருப்புறத்திலிருந்து நேர்கோட்டில் திருவனந்தபுரம் 20 கிலோமீட்டர் சொச்சம், நாகர்கோவில் 40 சொச்சம். நாகர்கோவில் வானொலி எஃப்.எம்.மில் 101.0. திருவனந்தபுரத்தில் 2005 கேரளப் பிறவி நாளன்று அனந்தபுரி என்ற பெயரில் தொடங்கிய ஆகாசவாணி எஃப்.எம். 101.9. முள் அரை விரற்கடை நகர்ந்தால் மொழி மாறும். உலகத்தில் இப்படி ஓர் ஊரில் பிறந்ததில் எனக்குப் பெருமை உண்டு.

● கடைசியாக ஒன்று. அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு கார் செட் வாங்கி வந்திருந்தான், அம்மாவுக்குப் பரிசாக. கப்ளர் வாங்கி, மீட்டர் வைத்துப் பார்த்து, நீல வயரையும் மறக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் மாட்டி முடித்தோம். 101.9 கணீரென்று வந்தது. 101.0க்குப் போனால் அப்படி ஓர் எண்ணே பெட்டியில் இல்லை. 100.9, அடுத்தது 101.1. இரண்டிலும் தமிழ் நசுங்கித்தான் கேட்டது.

காரணம் இது. அமெரிக்காவில் எஃப்.எம். நிலையங்கள் புள்ளிக்குப் பிறகு ஒற்றைப்படை எண்ணில் மட்டுமே நிற்கும்: 101.1, 101.3, 101.5 என்று. பெட்டியும் அப்படியே தாவும். அந்தத் தாவலில் திருவனந்தபுரம் அகப்படும், நாகர்கோவில் விட்டுப்போகும். மத்திய அலையிலும் இதே கதை. அமெரிக்கப் பெட்டி பத்துப் பத்து கிலோஹெர்ட்ஸாகத் தாவும், நமக்கு ஒன்பது ஒன்பது. அதனால் திருவனந்தபுரத்தின் 1161உம் திருநெல்வேலியின் 1197உம் அதற்குச் சரியாக அகப்படாது. ஜப்பானிலிருந்து வரும் பழைய செட் இன்னும் மோசம். அதில் எஃப்.எம். 76இல் தொடங்கி 90இல் முடிந்துவிடும்.

பல செட்டுகளில் இதை மாற்ற அமைப்புக்குள் இடம் உண்டு. வளைகுடாவிலிருந்து செட் கொண்டுவருகிறவர்களும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா மகன் செட்டை அணைத்து வைத்து, மெனுவுக்குள் போய், அலைவரிசைத் தாவல் என்ற இடத்தைத் தேடினான். அமெரிக்க அளவை எடுத்துவிட்டு ஆசிய அளவைப் போட்டான். முள்ளை மறுபடி நகர்த்தினான். 100.9. 101.0.

அக்கா அடுக்களையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள். "நாகர்கோவிலா? சத்தத்தக் கூட்டு மக்களே."